கெடாத குழம்பு

புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலையாட்டுவது லூயிசாவின் கெட்ட பழக்கம். கேஜிஎஃப் தங்கவயலின் கோரமண்டல் ஸ்டேஷனில் தினமும் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய், ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் கண்ணாடிக் குப்பிகள் கழுவிக்கொண்டிருந்தாள். அங்கே எல்லாம் இங்கிலீஷ். இன்னொரு தரம் கேட்டால், கேஜிஎஃப்காரிக்கு ஒன்றும் தெரியாது என்று சிரிப்பார்களே என்கிற வீம்பு. வீம்பென்ன வீம்பு, பயம்தான்.

அவளோடு மனம்விட்டுப் பேசியவள் நேத்ரா ஒருத்திதான். ஆராய்ச்சி மாணவி, கன்னடப் பெண், தமிழும் பேசுவாள். மனித உடம்பிலிருக்கும் ஒரு புரதத்தின் மரபணுவைப் பாக்டீரியாவுக்குள் புகுத்தி, அதைக்கொண்டே அந்தப் புரதத்தைச் செய்யவைத்துப் பிரித்தெடுப்பது அவள் வேலை. உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்று ஒரு பொடி அறை உண்டாம். உடம்புக்குத் தெம்பு அங்கேதான் தயாராகுமாம். அதன் சுவரில் இருந்துகொண்டு சரக்கை உள்ளே ஏற்றி வெளியே இறக்குவது இந்தப் புரதமாம். நம்ம தங்கச் சுரங்கத்தில் ஆளையும் கல்லையும் சுமந்துகொண்டு கேஜ் கூண்டு ஏறி இறங்குகிற மாதிரி என்று லூயிசா சொல்ல, நேத்ரா கைதட்டிச் சிரித்தாள். அன்றைக்கு லூயிசாவைக் கையில் பிடிக்க முடியவில்லை.

அந்தப் புரதத்துக்கு அங்கே 'கேரியர்' என்று இன்னொரு பெயரும் உண்டு. ஆராய்ச்சிக்கூடத் தலைவர் நாராயணசாமி வாய்க்கு வாய் அப்படித்தான் சொல்வார். லூயிசா அதற்கும் தலையாட்டிவைத்திருந்தாள்.

ஒரு புதன்கிழமை நேத்ராவுக்கென்று டிபன் கேரியரில் ஆட்டுக்கறிக் குழம்பு கொண்டுபோனாள். ஆய்வுக்கூடத்துக்குள் சாப்பாடு கூடாது என்பது சட்டம், யார் கேட்டார்கள்? நேத்ரா விரலைச் சப்பிச் சப்பிச் சாப்பிட்டு, மீதியை மேசைமேல் வைத்துவிட்டு வேலையில் இறங்கினாள். புரதத்தைக் குட்டிக் குழாய்களில் நிரப்பி ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தபோது, அப்பா மயங்கி விழுந்துவிட்டார் என்று போன். போட்டது போட்டபடி ஓடினாள்.

சாயங்காலம் லூயிசா கிளம்புகிற நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து அவளே பேசினாள். "லூயிசாக்கா, கேரியர் மேசை மேலேயே இருக்கு. பெரிய ஃப்ரீசர்ல வெச்சிடுங்க."

லூயிசாவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. அப்பன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதும் என் குழம்பை நினைக்கிறதே இந்தப் பொண்ணு! எந்தக் கேரியர் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. டிபன் கேரியரைத் துடைத்து, உறைபனிப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்தாள். பக்கத்திலிருந்த ஐஸ் பெட்டி நமக்கெதற்கு என்று அதைத் தொடவில்லை. திரும்பும்போது, தினமும் ரயிலில் கூட வரும் பாப்பம்மாவிடம் இதைச் சொன்னாள். பாப்பம்மாவிடம் சொன்னால் ரயில்பெட்டி முழுக்கச் சொன்ன மாதிரி.

காலையில் ஐஸ் தண்ணீராகியிருந்தது. குழாய்களில் இருந்த 'கேரியர்' புரதம் கெட்டுப்போயிற்று, மாதக்கணக்கான உழைப்போடு. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வந்த நேத்ரா ஃப்ரீசரைத் திறந்தாள். பனி பூத்த டிபன் கேரியரைப் பார்த்தாள். திரும்பி லூயிசாவைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

நாராயணசாமி வந்து, யார் செய்த காரியம் என்று கேட்டார்.

"நான்தான் சார், உள்ளே வெக்க மறந்துட்டேன்" என்றாள் நேத்ரா.

எல்லோர் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டாள். அவள் பேசுவதாயிருந்த ஹைதராபாத் கருத்தரங்குக்கு இனிப் போகவேண்டாம், வேறு ஆளை அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். லூயிசா குழாயடியில் கழுவின குப்பியையே கழுவிக்கொண்டிருந்தாள். வேலை போய்விடும் என்றுகூட அவள் பயப்படவில்லை. டிபன் கேரியர் என்று சொன்னால் சிரிப்பார்களே! அந்தச் சிரிப்புக்குப் பயந்து ஒரு பெண்ணின் பேரைக் கெடவிட்டாள். சீ, என்ன பிறவி நான் என்று கூசிப்போனாள்.

சாயங்காலம் நேத்ரா கேரியரைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தாள். "கொழம்பு கெடல அக்கா. வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. இரண்டு திட்டுத் திட்டியிருந்தால் தேவலை.

ரயிலில் பாப்பம்மா இடம் போட்டு வைத்திருந்தாள். "இன்னா லூயிசா, உன் கொழம்பு இன்னா ஆச்சு? கெட்டுப் பூட்ச்சா?"

லூயிசா பழக்கதோஷத்தில் தலையாட்டினாள்.

"இன்னா தலைய ஆட்டுற? வாயத் தொறந்து சொல்லு."

மடியிலிருந்த கேரியரின் ஈரம் புடவையை நனைத்துக்கொண்டிருந்தது.

"கொழம்பு கெடலக்கா" என்றாள் லூயிசா. அதற்குமேல் சொல்லத்தான் வாயெடுத்தாள்.

அதற்குள் பாப்பம்மா பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி, "பாத்தீங்களா, நம்ம ஊரு கொழம்ப எப்டி காப்பாத்தி வெச்சிக்கீறா!" என்று பெருமையடித்தாள். எல்லோரும் லூயிசாவைப் பார்த்துச் சிரித்தார்கள்.