விட்டுப்போன வரி

அச்சகத்தில் இருபத்தாறு வருடம் அவள் மூலப் பிரதியை உரக்கப் படித்தாள். எதிரே உட்கார்ந்து அவர் அச்சுப் பிரதியைத் திருத்தினார். உணர்ச்சி காட்டாமல் படிக்க வேண்டும் என்பது அந்த வேலையின் விதி. ராகம் போட்டால் காது கதைக்குப் பின்னால் போய்விடும், பிழை தப்பிவிடும். எப்போதாவது ஒரு வரி விட்டுப்போனால் அவர் பென்சிலால் மேசையில் தட்டுவார். அப்படியே பழகிக் கல்யாணமும் செய்துகொண்டார்கள். வீட்டிலும் அதே தட்டையான குரலில்தான் பேச்சு.

இப்போது அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை. மகள் ஒரு பிரெஞ்சுப் படத்தை மடிக்கணினியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். திரையின் அடியில் ஓடும் தமிழ் வரிகளை அம்மா படித்துச் சொல்ல வேண்டும். தொண்டை தாங்காது என்பதால் தினமும் மதியம் அரை மணி நேரம் மட்டும்.

படத்தில் கடிகாரம் பழுது பார்ப்பவனும் அவன் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரியும் எதற்கெடுத்தாலும் வாதம் செய்கிறார்கள். குடையை யார் பிடிப்பது என்பதற்கே பத்து நிமிடம். காதல் என்ற சொல்லே வருவதில்லை. ஆனால் வாதத்தில் தோற்கிற முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

மூன்றாம் நாளே அவள் விதியை மறந்தாள். வீட்டுக்காரிக்கு ஒரு குரல், கடிகாரக்காரனுக்கு ஒரு குரல்.

“என்னம்மா, நடிகையாயிட்ட?”

“நீங்க பேசாம கேளுங்க.”

“அவ வாய் உன் வாய் மாதிரியே இருக்கு.”

“அவன் பிடிவாதம் உங்களுது. அதான் வாங்கிக் கட்டிக்கிறான்.”

இத்தனை வருடத்தில் அவர்கள் இப்படிப் பேசிக்கொண்டதே இல்லை.

அடுத்த நாள் காலை, அவர் குளித்துக்கொண்டிருந்தபோது கண் மருத்துவமனையிலிருந்து அழைத்தார்கள். யாரோ வரவில்லையாம், முறைக்குக் காத்திருக்காமல் திங்கட்கிழமையே அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமாம். “அவருக்கு இருமல். அப்புறம் பாத்துக்கலாம்,” என்றாள். இருமலே இல்லை. கண் தெரிந்தால் அவரே படித்துக்கொள்வார்.

மதியம் படத்தில் மழை. ரயில் நிலையத்தில் வீட்டுக்காரி படபடவென்று பேசினாள். படித்துக்கொண்டிருந்தவள் அடியில் ஓடிய வரியை விழுங்கிவிட்டு, “மழை வருது,” என்றாள்.

அவர் கையிலிருந்த பென்சில் மேசையில் தட்டியது.

“வரி விட்டுப்போச்சு.”

“இல்லையே.”

“அந்தப் பொண்ணு மூச்சு விடாம பேசினா. நீ மழைங்கற. திருப்பிப் போடு.”

திருப்பிப் போட்டாள். குரல் பழையபடி தட்டையானது. “உன் ரயில் சீட்டை ஒளித்து வைத்தது நான்தான். இன்னும் ஒரு நாள் நீ என்னோடு வாதம் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.” நிறுத்தாமல் அதே குரலில் சொன்னாள்: “ஆஸ்பத்திரியிலருந்து திங்கக்கிழமை வரச் சொன்னாங்க. இருமல்னு சொல்லிட்டேன்.”

“ஆஸ்பத்திரியா? கடிகாரக்காரனுக்கு என்ன?”

“அவனுக்கு இல்லைங்க. உங்களுக்கு.”

அவர் பென்சிலை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டிருந்தார்.

“உன் முகத்தைப் பாத்து எட்டு மாசமாச்சு,” என்றார்.

அவள் தொலைபேசியை எடுத்தாள். திங்கட்கிழமை இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. இனி இரண்டு மாதம் கழித்துத்தான். கேட்டதும் முதலில் வந்தது சந்தோஷம். அதற்குப் பிறகுதான் மனம் கூசியது.

“எப்பவாம்?”

“ரெண்டு மாசம்,” என்றாள், குரலில் எதுவும் ஏறிவிடாமல் பார்த்துக்கொண்டு. பென்சில் தட்டுமோ என்று மேசையையே பார்த்தபடி நின்றாள்.