ஒருவர் உள்ள வீட்டின் அறிக்கை

இன்று ஆபீஸில் நடந்ததை, கார்பன் தாள் வைத்து, நண்பர்கள் உங்கள் நால்வருக்கும் எழுதுகிறேன்.

பம்பாய்க் குடும்பங்களைப் பற்றிய சர்வே. பஞ்ச் கார்டில் துளைகளாக இருக்கும் ஆள் எண்ணிக்கையைப் படித்து, கம்ப்யூட்டரே அறிக்கை வாக்கியத்தை எழுத வேண்டும். புரோகிராம் என்னுடையது.

சோதித்துப் பார்க்க, என் செம்பூர் அறையையே ஒரு கார்டாகத் துளைத்துப் போட்டேன்.

கம்ப்யூட்டர் தடதடவென்று அடித்துத் தள்ளியது: “இக்குடும்பத்தில் 1 நபர். அனைவரும் ஒன்றாகச் சாப்பிடுகிறார்கள்.”

ஒரே ஆள் என்றால் வேறு வாக்கியம் வேண்டும். இத்தனை வருஷமாகத் தனியாகச் சாப்பிடும் எனக்கே அது தோன்றவில்லை.

பக்கத்து மேஜை மாட்டுங்கா ராமநாதன் எட்டிப் பார்த்தார். “இதுல என்ன ஓய் தப்பு? சரியாத்தானே சொல்லியிருக்கு!”

சிரித்துக்கொண்டே திருத்திவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்களில் யாராவது சாப்பிட வருவதானால் எழுதுங்கள். அப்படி வந்தால், என் கார்டுக்கு மட்டும் பழைய வாக்கியத்தையே திரும்பப் போட்டுவிடுகிறேன்.