குடிக்காதவனின் குடிகார வேடம்

நான் ஒருநாளும் கதாநாயகனாக நடித்ததில்லை, ஆசைப்பட்டதும் இல்லை. இளம் வயதிலேயே முன்மண்டை வெளித்து வழுக்கையாகிவிட்டது. புங்குடுதீவுக் கோயில் மேடையில் அன்றைக்கே என்னைக் கிழவனாக்கிவிட்டார்கள். பிறகு வானொலி நாடகம், கொழும்பில் எடுத்த தமிழ்ப் படங்கள், கடைசியில் தொலைக்காட்சி என்று எங்கே போனாலும் நான் யாருக்காவது தகப்பன், இல்லையென்றால் தபாலதிபர், அதுவும் இல்லையென்றால் பொலிஸ்காரன். கதாநாயகர்கள் தொந்தி வைத்ததும் வீட்டுக்குப் போனார்கள். எனக்குத் தொந்தி வந்த பிறகுதான் வேலை கூடியது.

எழுபதுகளின் கடைசியில் ஒரு படத்தில் குடிகாரத் தகப்பன் வேடம் கிடைத்தது. அந்தப் படம் யாழ்ப்பாணத்தில் ஓடிய நேரம் பார்த்து என் மகளுக்குப் புளியங்கூடலில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். சாதகம் பொருந்திவிட்டது. மகளும் ஓம் என்றிருந்தாள். அவள் எதற்கும் இலேசில் ஓம் சொல்லுகிற பிள்ளை இல்லை. படம் பார்த்த யாரோ போய் மூட்டிவிட்டிருக்கிறார்கள். குடிகாரன் வீட்டில் பெண் எடுக்க ஏலாது என்று மாப்பிள்ளையின் தாய் தரகரிடம் சொல்லிவிட்டார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அறைக்குள் போனாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. கள்ளை வாயில் வைத்தே பார்க்காதவன் நான். ஆனாலும் உள்ளுக்குள் ஒரு பெருமையும் இருந்தது. நடிப்பு அவ்வளவு எடுபட்டிருக்கிறதே! பெண் வீட்டார் வலியப் போவது முறையில்லை என்று மனைவி தடுத்தாள். நான் பஸ் ஏறிவிட்டேன்.

மாப்பிள்ளையின் தாய் விதவை. கூடத்தில் கதிரை போட்டு இருத்தினார். மகன் பக்கத்தில் நின்றான். நான் குடிப்பதில்லை, அது நடிப்பு என்றேன்.

"குடிக்காத மனுசன் குடிகாரனை எப்பிடி நடிக்கிறது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். பார்த்துவைப்பதுதான் என் தொழில் என்று விளக்கினேன். ஊர்காவற்றுறைக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இந்த ஊர் வழியாகத் திரும்புகிற பின்னேர பஸ்ஸில் இருந்தபடி ஒரு மனிதரை அடிக்கடி கண்டிருக்கிறேன். கள்ளுக் குடித்துவிட்டுத் தெருவோரமாக வருவார். ஆள் யாரென்று தெரியாது. மற்ற நடிகர்கள் குடிவெறி என்றால் தள்ளாடிக் காட்டுவார்கள். அவரோ தள்ளாடாமல் வரத்தான் பாடுபடுவார். ஒரு பொட்டலத்தை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, வயல் வரம்பில் நடப்பவர்போல் அடிமேல் அடி வைத்து வருவார். அந்த நடையைத்தான் படத்தில் நடந்தேன் என்று சொல்லி, எழுந்து நடந்தும் காட்டினேன்.

மகன் தாயைப் பார்த்தான்.

"அந்தப் பொட்டலத்துக்குள்ளை என்ன இருந்தது எண்டு தெரியுமோ?" என்று தாய் கேட்டார்.

தெரியாது என்றேன்.

"தோசை. எனக்குத்தான். அவர் இந்தப் பிள்ளையின்ரை தேப்பன். நான் ஒருநாளும் வாங்கிச் சாப்பிடேல்லை. கோவத்திலை கோழிக்குப் போட்டிடுவன்."

கதிரையில் இருக்கப் போன என்னை அவர் மறித்தார்.

"இன்னொருக்கா நடந்து காட்டுங்கோ."

வாசலுக்குப் போய் அங்கேயிருந்து நடந்து வந்தேன். பட முதலாளிகள் யாருக்கும் அப்படி நடந்ததில்லை. அவர் எழுந்து, இரண்டு கையையும் நீட்டி, என் கையில் இல்லாத பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். அதை மடியில் வைத்தபடி இருந்து அழுதார். பிறகு மகனைப் பார்த்துச் சொன்னார்: "தம்பி, தரகரை வரச்சொல்லு. நாள் பாக்கவேணும்."