றமீஸா ராத்தா வாசித்துப் பார்க்காத அத்தியாயம்

அச்சகத்து சிவா அண்ணன்தான் எனக்குச் செய்தி சொன்னார். அட்டைக்கு நீலமா பச்சையா என்று கேட்பதற்காக வெள்ளிக்கிழமை காலை றமீஸா ராத்தாவின் ஃபோனுக்கு எடுத்திருக்கிறார். தூக்கியது ராத்தாவின் தங்கச்சி பர்ஸானா. "ராத்தா மௌத்தாகிட்டா" என்று அவர் அழத் தொடங்க, சிவா அண்ணனுக்கு ஃபோனை வைக்கவும் தெரியவில்லை, வைத்திருக்கவும் தெரியவில்லை. பிறகு எனக்கு எடுத்தார். "பகிடி விடாதேங்கோ அண்ணன்" என்றேன். "மது, நான் எப்பவாவது உன்னோட பகிடி விட்டிருக்கிறனா? நீதானே எல்லாரோடயும் விடுறனீ" என்றார். அதன்பிறகுதான் நம்பினேன்.

எங்கள் உப்புவெளியில் அக்கா என்போம், மூதூரில் ராத்தா. திருகோணமலை நகரத்துக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் அவர் மூதூர் ராத்தாவாகவே இருந்தார். உட்துறைமுக வீதியில் ஒரு ஃபோட்டோகொப்பிக் கடையின் மேல்மாடி அறையில் இருந்துகொண்டு மற்றவர்களுடைய புத்தகங்களை எழுதிக்கொடுத்தார். எழுதிப் பிழைத்தவர், எழுத்துப்பிழை மட்டும் விடமாட்டார். இதை வாசிக்கும் நூலாசிரியப் பெருமக்களில் சிலர் இந்த இடத்தில் தங்கள் பெயர் வருகிறதா என்று அடுத்த பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். பயப்படாதீர்கள். அவரே உங்கள் பெயர்களைச் சொல்லவில்லை. நான் யார் சொல்ல?

சிவா அண்ணன் அட்டை நிறம் கேட்ட புத்தகம் மட்டும் வேறு. அதில் வரவிருந்தது றமீஸா ராத்தாவின் சொந்தப் பெயர். முதன்முறையாக. அது முழுக்க முழுக்க அவருடைய புத்தகமாகவே வருமா, வராதா என்பதுதான் அவர் போன பிறகு என் தலையில் வந்து விழுந்த பிரச்சினை. நான் ஏன் அதற்குள் வந்தேன் என்பதை முதலில் சொல்லவேண்டும்.

கடையின் வாசலில் "உங்கள் வாழ்க்கை நூலாக்கித் தரப்படும்" என்று ஒரு சின்ன அறிவித்தல் ஒட்டியிருந்தது. நூலாக்கினால் யார் தைப்பது என்று யோசித்துக்கொண்டே நம்பரைக் குறித்தேன். அன்றைக்கே கனடாவிலிருந்து ஊருக்கு வந்திருக்கும் ஓய்வுபெற்ற கப்பல் சமையற்காரராக வாட்ஸப்பில் அவதாரம் எடுத்தேன். தொண்டையில் ஒபரேஷன், பேச ஏலாது, எழுதித்தான் அனுப்புவேன் என்றேன். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து பதில் போடப் போட, மறுபக்கத்திலிருந்து மிகவும் மரியாதையாகக் கேள்விகள் வந்தன.

"ஐயா, கடல் அடிக்கேக்க கறிச்சட்டி அடுப்பில இருந்து விழாம எப்பிடி நிண்டது?"

"கையால் பிடித்துக்கொண்டிருப்பேன்."

"கை சுடேல்லையா?"

"பழகிவிட்டது."

"எந்தக் கை, ஐயா?"

இடது கை என்று போட்டேன்.  மறுநாள் வந்தது: "ஐயா, உங்களுக்கு எத்தினை மணிக்குப் பள்ளிக்கூடம் விடும்? விட்டதும் இஞ்ச வாங்க. தேத்தண்ணி தாறன்."

போனேன். போகாமல் இருக்க ஏலுமா? படியேறி நின்றவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கனடா நல்ல குளிரோ, ஐயா?" என்றார். கப்பல் அடுப்பைச் சுற்றி இரும்புக் கம்பி கட்டியிருக்கும், அதுதான் சட்டியைப் பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினார். இதை அறிய அவர் துறைமுகத்தில் வேலைசெய்கிற ஒருவரைத் தேடிப்போய்க் கேட்டிருக்கிறார்.

"நான் சொன்னது பொய் எண்டு தெரிஞ்சும் ஏன் போய்க் கேட்டனீங்கள்?"

"பொய் உன்ட. சட்டி என்ட. அது எப்பிடி நிக்குது எண்டு எனக்குத் தெரியத்தானே வேணும்?"

அவரை அறிந்தவர்களுக்கு இது புதினமாக இருக்காது. எதையும் தெரியாமல் விட அவரால் ஏலாது. எனக்கும் அதே வருத்தம்தான் என்பதால் அடிக்கடி போகத் தொடங்கினேன். உங்களில் சிலர் "புத்தகம் ஒன்று போடவேணும்" என்று வெட்கத்தோடு வந்து உட்கார்ந்த அதே கதிரையில் இருந்து அவருடைய பிளேன்டீயைக் குடித்தேன். நீங்கள் வருகிற சத்தம் கேட்டால் மட்டும் கீழே அனுப்பிவிடுவார்.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. தான் எழுதிய ஒவ்வொரு அத்தியாயத்தையும் புத்தகத்துக்குரியவர் அவர் முன்னால் வாய்விட்டு வாசிக்கவேண்டும். "இப்பிடி நான் சொல்லமாட்டன்" என்கிற இடமெல்லாம் வெட்டப்படும். முடிவில் "ஓம், இது நான்தான்" என்று அந்த ஆள் சொன்னால்தான் அது அச்சகத்துக்குப் போகும்.

இந்தச் சட்டம் பிறந்த கதையை அவர் சொல்லிச் சிரித்து நான் பார்த்திருக்கிறேன். ஒரு வெளியீட்டு விழா. பொன்னாடை, ஆய்வுரை, சிறப்புப் பிரதி எல்லாம் முடிந்து ஆசிரியர் ஏற்புரைக்கு எழும்பினார். ஒரு பந்தி வாசிக்கிறேன் என்று தன்னுடைய புத்தகத்தைத் திறந்தார். இரண்டு வரி வாசித்ததும் குபீரென்று சிரித்துவிட்டு, "அட, நல்லா எழுதியிருக்கிறாளே!" என்று ஒலிவாங்கியிலேயே சொல்லிவிட்டார். ஆள் யாரென்று தெரிந்தவர்கள் இப்போது சிரியுங்கள். தெரியாதவர்கள் சிரிப்பவர்களைப் பார்த்துக் கேளுங்கள். பின்வரிசையில் இருந்த ராத்தா முந்தானையைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தாராம்.

"கோவம் வரேல்லையா?" என்று கேட்டேன்.

"ஏன் கோவம்? அந்த மண்டபத்தில என்ட பகிடிக்கு உண்மையாச் சிரிச்ச ஆள் அவர் ஒராள்தான்."

"அது சரி. அட்டையில வேற ஆக்கள்ட பேரைப் பார்க்கேக்க?"

 முதன்முதலில் எழுதிக்கொடுத்த புத்தகத்தைக் கையில் எடுத்த அன்றைக்கு ஒன்று நடந்தது, ஒருநாள் சொல்கிறேன் என்பார். நான் கேட்காத நாளில்லை. அவர் நழுவாத நாளுமில்லை.

நெஞ்சு வருத்தம் கூடி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த பிறகுதான் தன்னுடைய புத்தகத்தைத் தொடங்கினார். ஒரு பக்கத்தை எழுதி என்னிடம் நீட்டினார். வாசித்துவிட்டு, "இது அந்தப் பென்சன் எடுத்த பள்ளிக்கூட அதிபர் கதைக்கிற மாதிரிக் கிடக்கு" என்றேன். அடுத்தது புடவைக்கடை முதலாளி மாதிரி. அதற்கடுத்தது ஓர் அரசியல்வாதி மாதிரி. அதைக் கேட்டதும் அவருக்கே பயம் வந்துவிட்டது. எத்தனையோ பேருடைய குரலில் எழுதிய மனுசிக்குத் தன்னுடைய குரல் எங்கே வைத்தோம் என்று தெரியவில்லை.

"மது, நீ எல்லாரையும் போல செஞ்சு காட்டுவாயே. என்னைப் போல ஒருக்கா கதைச்சுக் காட்டு பாப்பம்."

பள்ளிக்கூடத்தில் நான் இதற்கு வாங்கிய தண்டனைகள் ஏராளம்; ஒருவர் கேட்டு வாங்கியது இதுதான் முதல். கதிரையில் சரிந்து, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "ஐயா, எந்தக் கை?" என்று தொடங்கினேன். இருமல் வரும்வரை சிரித்தார். "அதுதான். அப்பிடியே எழுது" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மற்றவர்களுக்காக ஒளிந்திருந்து எழுதுபவரை ஆங்கிலத்தில் பேய் என்கிறார்கள். நான் பேய்க்குப் பேய். அவர் வைத்த பெயர் குட்டிச்சாத்தான்.

சட்டம் அவருக்கும் உண்டு. நான் எழுதியதை அவர் வாய்விட்டு வாசித்தார். மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து வந்த காலத்தைப் பற்றி, விடியற்காலைக் கடல் வெள்ளித் தட்டாய் மினுங்கியது என்று நான் அழகாக ஒரு வரி போட்டிருந்தேன். வாசிப்பு நின்றது.

"இது ஆர்ட கடல்?"

"உங்கட கடல்தான்."

"நான் லோஞ்சில கடலைப் பார்த்ததே இல்ல புள்ள. சாப்பிட்டதெல்லாம் சத்தியா வரும் எண்டு கண்ணை மூடிக்கொண்டுதான் வாறனான்."

வெள்ளித் தட்டு போய்ச் சத்தி வந்தது. புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பக்கம் இப்போது அதுதான்.

எங்கே போடுவது என்பதை இரண்டு பேரும் துப்பறிந்தோம். கொழும்பில் எழுதிக்கொடுப்பது முதல் விற்றுக்கொடுப்பது வரை எல்லாம் செய்கிற ஒரு சேவைக்கு நான் ஃபோன் எடுத்தேன். தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்று விதமான திட்டம் வைத்திருந்தார்கள். "வெண்கலம் எடுத்தால் புளி போட்டு மினுக்கவேணுமோ?" என்று கேட்டேன், வைத்துவிட்டார்கள். சென்னைப் பதிப்பாளர் ஒருவர் மாதிரிப் பக்கங்களை வாசித்து உண்மையிலேயே சந்தோஷப்பட்டு எழுதியிருந்தார். ஆனால் 'ஏலாது' என்பதை 'முடியாது' என்றும், 'கதிரை'யை 'நாற்காலி' என்றும் மாற்றினால் கூடுதலான வாசகருக்குப் போய்ச்சேரும் என்றார். ராத்தா அதைக் கோபிக்காமல் இரண்டு தரம் வாசித்தார். "அவர் சொல்றது சரியாயிருக்கும். ஆனா நாற்காலியில நான் இருந்ததில்லையே" என்றார். இணையத்தில் ஏற்றிவிட்டால் கேட்கிறவருக்குக் கேட்கிற நேரம் ஒவ்வொன்றாக அச்சடித்து அனுப்புகிற வழியும் இருந்தது. ஏற்றிப் பார்த்தோம். கொம்பு ஒருபக்கம் எழுத்து ஒருபக்கமாகக் கூட்டம் கலைந்ததுபோல் வந்தது. கடைசியில் சிவா அண்ணனின் அச்சகம்தான். எண்ணிக்கை குறைவு, விற்பது நம் பாடு, மிஞ்சினால் கட்டிலுக்குக் கீழே. "புதுசா எழுதுறவங்களுக்கு நான் சொல்றது இதுதான்: எங்க போட்டாலும் போடு, உன்ட வாயால வாசிச்சுப் பார்த்திட்டுப் போடு" என்றார் ராத்தா. அவர் எனக்குச் சொன்னவற்றில் புத்திமதி மாதிரி இருந்தது இந்த ஒன்றுதான்.

கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது எனக்குப் பள்ளிக்கூடத்தில் சோதனை தொடங்கிவிட்டது. அவர் குரற்செய்திகளாக அனுப்பினார். நான் இரவெல்லாம் படிப்பதாக வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கேட்டுக்கேட்டு அலுத்த கேள்விக்கு அதில்தான் பதில் வரவிருந்தது. வியாழக்கிழமை பின்னேரம் வந்த செய்தி இப்படி முடிகிறது: "நல்ல மழை. நானும் தங்கச்சியும் அச்சகத்து வாசலில நிண்டம். புத்தகத்தைக் கையில எடுத்து அட்டையைப் பார்த்தன். பேரைப் பார்த்திட்டு… கொஞ்சம் பொறு மது, ஆரோ கதவைத் தட்டுறாங்க."

மறுநாள் காலை சிவா அண்ணன் ஃபோன் எடுத்தார்.

அடக்கம் முடிந்து சில நாட்கள் சென்றபின் அந்த அத்தியாயத்தை எழுதி முடித்தேன். கதவு தட்டப்பட்ட இடம்வரை அவர் சொன்னது. மிச்சம் நான். பர்ஸானா குடையை விரித்துப் பிடிப்பதாகவும், ராத்தா அட்டையைத் துடைத்துவிட்டு, "பேர் அவர்ட, மூச்சு என்ட" என்று சொல்வதாகவும் வைத்தேன். அவர் குரல் எனக்குள் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. எழுதும்போது அவர் பக்கத்தில் இருப்பதுபோல் இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

மூதூருக்குப் பஸ்ஸில் போய் பர்ஸானாக்காவிடம் கொடுத்தேன். அடுப்படியிலிருந்து எழும்பி வந்து, குசினி வாசலில் நின்றபடி வாசித்தார். பாதியிலேயே கண்ணைத் துடைத்தார்.

"ராத்தாவேதான் மது. அப்பிடியே கதைக்கிறா. ஓம், அண்டைக்கு நான்தான் குடை பிடிச்சனான். கறுப்புக் குடை. இந்த வசனத்தையும் சொன்னவ, எனக்கு நல்ல ஞாபகம்."

ஒருவர் என் பகிடியை நம்பும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு குளுகுளுப்பு வரும். அன்று வந்தது வேறு குளிர். நான் குடைக்கு நிறம்கூடப் போடவில்லை.

"பர்ஸானாக்கா, அந்த வசனம் நான் போட்டது. அவ அதுவரைக்கும் சொல்லேல்ல."

அவர் கடதாசியிலிருந்து நிமிர்ந்தார். "குடை?"

"குடையும் நான்தான்."

"மழை?"

"மழை அவ சொன்னது."

"அப்ப நாங்க நனைஞ்சுகொண்டுதான் நிண்டிருப்பம்" என்றார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை.  "அண்டைக்கு அவ ஏதோ சொன்னவ மது. நான் பக்கத்தில நிண்டனான். என்ன சொன்னவ எண்டு யோசிக்க யோசிக்க உன்ட வசனந்தான் காதுக்க வருது."

அன்றைக்கு அச்சகத்து வாசலில் ராத்தாவுடன் நின்றது உலகத்திலேயே அவர் ஒருவர்தான். அவரிடம் நான் முதலில் கேட்டிருக்கலாம். கேட்காமல் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

அத்தியாயம் இல்லாவிட்டால் புத்தகம் அந்தரத்தில் நிற்கும் என்று சிவா அண்ணன் வாதாடினார். "வாசிக்கிற ஒருத்தருக்கும் தெரியப்போறதில்லை, பிள்ளை. நல்லாத்தானே எழுதியிருக்கிறாய்!" நல்லாய் எழுதியிருந்ததுதான் கரைச்சல். பர்ஸானாக்கா ஃபோனில் அவரிடம், "ராத்தா வாசிக்காதது வேணாம்" என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். ஆகவே புத்தகம் அதற்கு முந்திய அத்தியாயத்தோடு நிற்கிறது. அதை ராத்தா எனக்கு முன்னால் வாசித்து, இரண்டு வரியை வெட்டி, "ஓம், இது நான்தான்" என்று சொன்னார். அட்டையில் அவர் பெயர் இருக்கிறது. பச்சை நிறம்.

நான் எழுதிய மிச்சத்தைக் கிழித்துவிட்டேன். குரற்செய்தியை வைத்திருக்கிறேன். கதவு தட்டுகிற சத்தம் அதில் கேட்கிறது, அவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்புகிற சத்தமும் கேட்கிறது. பேரைப் பார்த்துவிட்டு அவர் என்ன செய்தார் என்று தெரியாது. பர்ஸானாக்காவுக்கு என்றைக்காவது நினைவு வரலாம். வந்தால் எனக்குச் சொல்வார். இந்த முறை நான் வாயைத் திறக்காமல் கேட்பேன்.