சேற்றில் நின்ற படகு

விலங்கியல் படித்து முடித்த பிறகும் எனக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. அம்மா சொன்ன டீச்சர் வேலைகளைத் தட்டிக்கழித்துவிட்டு, எண்ணூர்க் கழிக்குப் பறவை பார்க்க வருபவர்களைப் படகில் அழைத்துப்போய் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன். ராயபுரத்தில் எங்கள் மாதாகோயில் தெருவில் அதை யாரும் வேலை என்று ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள். மதியத்துக்குள் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே கிளம்பினேன். வீட்டில் இருந்திருந்தால் மூச்சு முட்டியிருக்கும்.

அன்று வந்தவர்கள் மதுரையிலிருந்து ஒரு புதுமணத் தம்பதி. கணவருக்குப் பூநாரை பார்த்தே ஆகவேண்டும். தூரத்தில் தெரிந்த கூட்டத்தை நோக்கிப் போனோம். நெருங்குவதற்குள் பறவைகள் எழும்பிவிட்டன. திரும்பலாம் என்றால் படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

"தண்ணி எறங்கிட்ச்சும்மா. ஏறுனாத்தான் நவுரும்," என்றார் படகுக்காரர்.

"எப்பண்ணே ஏறும்?"

"சாய்ங்காலம் ஆயிடும். இன்னா அவசரம்?"

"பொண்ணு பாக்க வர்றாங்கண்ணே."

"யாரை?"

"என்னைத்தான்."

அவர் கோலை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தெரிந்ததையெல்லாம் சொல்லி முடித்தாயிற்று. கணவர் எழுவதும் உட்காருவதுமாக இருந்தார். அப்போது அவர் மனைவி சேற்றைக் காட்டினாள். வளை வாசல்களில் நண்டுகள் நின்று, ஒற்றைப் பெரிய கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டின.

"எல்லாம் ஆண் நண்டு. வளை தயாரா இருக்கு, வான்னு பெண்ணைக் கூப்பிடுது," என்றேன்.

"அட, தனிக்குடித்தனம்!" என்று கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "கத்துக்கோங்க."

அருகில் பார்க்கிறேன் என்று அவள் இறங்கி, முழங்கால் வரை புதைந்தாள். நானும் குதித்து அவளைத் தூக்கி ஏற்றினேன். அவள் சிரிப்பை நிறுத்தவே இல்லை.

வீடு சேர்ந்தபோது விளக்கு ஏற்றியிருந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் இன்னும் கூடத்தில் இருந்தார்கள். என் காலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"இன்னாடி இது கோலம்?" என்றாள் அம்மா, குரலைத் தாழ்த்தி.

மாப்பிள்ளையின் தாயார் பதவிசாகத்தான் கேட்டார்: "கல்யாணத்துக்கு அப்புறமும் இப்படிப் போவியாம்மா?"

நாளெல்லாம் எதிலும் மனம் நிலைக்காமல் அலைந்த எனக்கு, பதில் மட்டும் சட்டென்று வந்தது. "போவேங்க."

அவர்களிடமிருந்து பிறகு சேதி வரவில்லை. எனக்கு நிம்மதி என்று மட்டும் சொன்னால் அது முழு உண்மையாகாது. அன்று மாப்பிள்ளை என் கால் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே போயிருந்தாய் என்று கேட்டிருந்தால் எல்லாம் சொல்லியிருப்பேன்.

அம்மா சில நாள் பாத்திரங்களை நங்கென்று வைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் கல்லூரிப் பெண்கள் சிலரை அழைத்துப்போக நான் கிளம்பியபோது, சோறு கட்டிய டிபன் பாக்ஸை என் கையில் திணித்தாள்.

"இருட்டறதுக்குள்ள வூடு வந்து சேரு."