காலனி வால்வும் வாபஸ் வாங்கும் நாளும்

கலியமூர்த்தி பைக்கை நிறுத்தவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னார்.

"மச்சான், காலனி வால்வ மூடிடு. யாராச்சும் கேட்டா மோட்டார் ரிப்பேர்னு சொல்லு."

நான் ஸ்டார்ட்டர் பெட்டியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்து, "எது வரைக்கும்?" என்று கேட்டேன்.

"அந்தப் பொம்பள வாபஸ் வாங்குற வரைக்கும்."

பிள்ளைகளே, பள்ளிக்கூடம் நடந்துகொண்டிருக்கும்போதே உங்கள் இரண்டு பேரையும் முதுநகர் சித்தி வீட்டுக்கு அனுப்பினோம். ஏன் என்று சொல்லவில்லை. நீங்கள் திரும்பி வந்தபோது என் கையில் மாவுக்கட்டு இருந்தது. டேங்க் ஏணியிலிருந்து விழுந்துவிட்டேன் என்று உங்கள் அம்மா சொன்னாள். நான் விழவில்லை. இப்போது உங்களில் ஒருவருக்கு ஓட்டு வந்துவிட்டது, இன்னொருவருக்கு வரப்போகிறது. தெரிந்துகொண்டு போய்ப் போடுங்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் திருத்திப் படியுங்கள்.

1. என் வேலை

சேத்தியாத்தோப்பிலிருந்து உள்ளே தள்ளியிருந்த அந்தப் பஞ்சாயத்தில் நான் டேங்க் ஆபரேட்டர். போர் மோட்டாரைப் போட்டுத் தண்ணீரை மேலே ஏற்ற வேண்டும். பிறகு கீழே வால்வு தொட்டியில் திறந்துவிட வேண்டும். அந்தத் தொட்டியில் இரண்டு கேட் வால்வு. ஒன்று நம் தெருக்களுக்கு, அதாவது ஊருக்கு. இன்னொன்று ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனிக்கு. தொட்டி ஆழம், கை எட்டாது. 'T' எழுத்து மாதிரி இருக்கும் நீள இரும்புச் சாவியை உள்ளே விட்டுத் திருப்ப வேண்டும். டீ சாவி என்போம்.

வாஷ்-அவுட் என்று தனியாக ஒரு பைப்பும் உண்டு. டேங்க் கழுவும் நாளில் அடியில் கிடக்கும் தண்ணீரை அதன் வழியாக வாய்க்காலுக்கு வெளியேற்றுவோம். அதற்குச் சாவி வேண்டாம், வீல் இருக்கும். கையாலேயே திருப்பலாம்.

ஊருக்கும் காலனிக்கும் ஏற்கெனவே ஆகாது. இது நடப்பதற்கு முந்தைய திருவிழாவில் ஊர்வலம் போன வழி பற்றிச் சண்டை வந்து, வைக்கோல் போர்களும் இரண்டு வீடுகளும் எரிந்தன. அன்றிலிருந்து பஸ் நிறுத்தத்தில் ஒரு போலீஸ் வேன் நின்றுகொண்டே இருந்தது. நான் ஊர்க்காரன். ஆனால் டேங்க் இரண்டுக்கும் நடுவில் இருந்தது. காலையும் மாலையும் இரண்டு பக்கமும் என் முகத்தைப் பார்ப்பார்கள்.

2. கோயிலில் முடிந்த எலெக்ஷன்

அந்த முறை பஞ்சாயத்து எலெக்ஷனில் தலைவர் பதவி காலனிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஊரில் பலருக்கு அது பிடிக்கவில்லை. கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். கலியமூர்த்தி எழுந்து, கோயில் திருப்பணி மொத்தமும் என் செலவு, நான் கை காட்டுகிற ஆள் தலைவராக வரட்டும் என்றார். அவர் காண்ட்ராக்டர். ரோடு, சாக்கடை, கழிப்பறை எல்லாம் பஞ்சாயத்து வழியாக வருகிற வேலைகள். எல்லோரும் சரி என்றார்கள். ஓட்டுக்குப் போகும் முன்பே பதவி விலைபோய்விட்டது. அவர் கை காட்டியது அஞ்சலையை. அவருடைய செங்கல் சூளையில் கல் அறுக்கும் காலனிப் பெண். அஞ்சலையிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

"அன்னபோஸ்ட்ல வந்துடும்" என்று டீக்கடையில் எல்லோரும் பேசினார்கள். எதிர்த்து யாரும் நிற்காமல் வருவதை அப்படித்தான் சொல்வோம்.

ஆனால் காலனியில் மலர்க்கொடி என்ற பெண்ணும் மனு போட்டுவிட்டாள். நூறு நாள் வேலையில் ஆள் எண்ணிக்கை எடுப்பவள். பிளஸ் டூ படித்தவள். முதலில் அவள் வீட்டுக்காரனைக் கூப்பிட்டுப் பேசிப் பார்த்தார்கள். பிறகு அவன் பைக் எரிந்தது. எரித்தது யார் என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் பார்க்கவில்லை. அதற்கும் அவள் மசியவில்லை. அப்புறம்தான் கலியமூர்த்தி என்னிடம் வந்தார்.

3. வீட்டுப் பேச்சு

கலியமூர்த்தி உங்கள் அம்மாவுக்குப் பெரியப்பா மகன். எனக்கு மச்சான், உங்களுக்கு மாமா. வீட்டில் வந்து சொன்னதும் உங்கள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கண்ணன் சொன்னா செஞ்சிட்டுப் போங்களேன். நாளைக்குத் தலைவர் கையெழுத்து இல்லாம ஒங்களுக்குச் சம்பளம் வருமா?"

"அந்தப் பக்கம் அடிபைப்புல உப்புத் தண்ணி. அத குடிக்க முடியாது."

"எனக்குத் தெரியாதா? நானும் கொடம் தூக்குறவதான்." எழுந்து உங்கள் துணிகளை எடுத்துவைக்க ஆரம்பித்தாள். பிறகு, "நீங்க மூட மாட்டீங்க. மொகத்தப் பாத்தாலே தெரியுது. புள்ளைங்கள மொதல்ல தங்கச்சி வூட்டுக்கு அனுப்பிடுறேன்" என்றாள்.

மறுநாள் உங்களை பஸ் ஏற்றினோம்.

4. ஸ்பிண்டில்

அன்று நான் வழக்கம்போல இரண்டு வால்வையும் திறந்தேன். கலியமூர்த்தி இரண்டு ஆட்களோடு வந்தார். டீ சாவியைப் பிடுங்கி, காலனி வால்வில் மாட்டித் திருப்பினார்கள். நன்றாக மூடிய பிறகும் விடவில்லை. நான் திரும்பத் திறந்துவிடுவேனாம். கைப்பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் சொருகி, மூன்று பேருமாகச் சேர்ந்து தள்ளினார்கள்.

"வேணாம் மச்சான், அது பழைய வால்வு" என்றேன்.

"நீ வாய மூடு."

உள்ளே டக்கென்று ஒரு சத்தம். சாவி லேசாகச் சுற்ற ஆரம்பித்தது. வால்வுக் கதவைத் தூக்கி இறக்கும் தண்டு, ஸ்பிண்டில், அறுந்துவிட்டது. கதவு கீழே இறங்கியபடியே நின்றுவிட்டது. இனி அதை எந்தச் சாவியாலும் தூக்க முடியாது. வால்வையே கழற்றி மாற்ற வேண்டும்.

அவர்கள் முகத்தில் முதலில் சிரிப்புதான் இருந்தது. நான் விளக்கிச் சொன்னதும் கலியமூர்த்தி தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.

"அப்ப அவ வாபஸ் வாங்கினாலும் தண்ணி போவாதா?"

"போவாது."

அவர் கொஞ்சம் யோசித்தார். "இத யார்கிட்டயும் சொல்லாத. வாபஸ் வாங்கு, அடுத்த நிமிஷம் தண்ணி வரும்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். அது அப்படியே இருக்கட்டும்."

டீ சாவியை அவரே எடுத்துக்கொண்டு போனார். ஊர் வால்வு திறந்தபடியே இருந்தது. நான் யூனியன் ஆபீசுக்கு போன் செய்தேன். எல்லோரும் எலெக்ஷன் வேலையில் இருக்கிறார்கள், முடிந்ததும் பார்க்கலாம் என்றார்கள்.

5. மலர்க்கொடி வந்தாள்

வாபஸ் வாங்கக் கடைசி நாள், மதியம் மூன்று மணிக்குள் யூனியன் ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டும். காலனிக்குத் தண்ணீர் போகாமல் அது இரண்டாம் நாள். காலையில் மலர்க்கொடி மோட்டார் ரூமுக்கு வந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள், கையில் ஒரு பை. ரோட்டில் கலியமூர்த்தி அனுப்பிய கார் நின்றது.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் போயிக் கையெழுத்து போட்டுட்டு வர்றதுக்குள்ள தண்ணி வந்துடுமா? வூட்ல எம் மாமியாரு சண்ட. பக்கத்து வூட்டுக்காரி என்னப் பாத்து மண்ண வாரித் தூத்துறா. ஒன் பதவி ஆசைக்கு எங்க புள்ளைங்க சாவணுமான்னு கேக்குறாங்க. நான் போறேண்ணே. ஆனா வந்தோடன கொழாயில தண்ணி வரணும்."

வெளியே அந்தக் காரின் டிரைவர் ஹாரன் அடித்தான். சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொல்லாவிட்டால் இவள் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து, குழாயைத் திறந்து, வெறும் காற்றைப் பார்ப்பாள். அதற்குப் பிறகு அவளால் அந்தத் தெருவில் குடியிருக்க முடியாது.

"வராதும்மா" என்றேன். "நீ வாபஸ் வாங்குனாலும் வராது. வால்வு ஒடஞ்சிபோச்சு. மாத்தாம வராது."

"அவுருக்குத் தெரியுமா?"

"அவுருதான் ஒடச்சாரு."

அவள் மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நான் எதுக்கு அங்க போவணும்?" என்று கேட்டாள். என்னைக் கேட்ட மாதிரி இல்லை.

6. டேங்க் கழுவிய நாள்

பிறகு எழுந்து, "ஆனா தண்ணிக்கு என்னண்ணே பண்றது?" என்றாள்.

எனக்கு அப்போதுதான் வாஷ்-அவுட் தோன்றியது. டேங்க் கழுவுவது என் வேலை. அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. வீலைத் திருப்பினேன். முதலில் கலங்கலாக வந்தது, அது போகட்டும் என்று விட்டேன். பிறகு தெளிந்த தண்ணீர் வாய்க்காலில் கொட்டியது. "போயி கொடத்த எடுத்துட்டு வரச் சொல்லும்மா" என்றேன்.

காலனியே வந்தது. குடம், தவலை, பெயிண்ட் டப்பா, குழந்தை குளிக்கும் தொட்டி. மலர்க்கொடியும் நல்ல புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு வரிசையில் நின்றாள். வாஷ்-அவுட் திறந்ததால் ஊர்க் குழாய்களில் தண்ணீர் மெலிந்தது. விஷயம் கலியமூர்த்திக்கு உடனே போய்விட்டது. பத்துப் பதினைந்து பேரோடு வந்தார். கையில் அந்த டீ சாவி.

"என்னா மச்சான் பண்ற?"

"டேங்க் கழுவுறேன்."

"எலெக்ஷன் நேரத்துல டேங்க் கழுவுறியா? மூடுடா அத."

"அடித்தண்ணி இன்னும் போவல மச்சான்."

வீலின் மேல் வலது கையை வைத்திருந்தேன். சாவி வந்து மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. வலி அப்புறம்தான் வந்தது. நான் வீலின் மேலேயே சாய்ந்துவிட்டேன். அதனால்தான் அவர்களால் உடனே மூட முடியவில்லை. அதில் வீரம் ஒன்றும் இல்லை, எழுந்திருக்கத் தெம்பில்லை.

காலனி இளைஞர்கள் கல்லைக் கையில் எடுத்துவிட்டார்கள். இந்தப் பக்கம் கம்பு. நடுவில் வந்து நின்றது மலர்க்கொடிதான்.

"ஒரு கல்லு போச்சுன்னா எலெக்ஷனயே நிறுத்திடுவாங்க. அதுக்குத்தான் அவுங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க. கல்லப் போட்டுட்டுக் கொடத்தத் தூக்குங்கடா."

போலீஸ் வேன் கிளம்பி வருவது தெரிந்தது. கலியமூர்த்தி குரலை இறக்கினார். "மலரு, காரு நிக்கிது. இன்னும் நேரம் இருக்கு. போயிட்டு வந்துடு. ஒனக்கும் நல்லது, தெருவுக்கும் நல்லது."

அவள் குனிந்து தண்ணீர் பிடித்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு இன்னும் ரெண்டு கொடம் பாக்கி இருக்குங்க."

பின்னால் ஒரு கிழவி, "காரு சும்மாதான நிக்கிது, டிக்கிய தொறக்கச் சொல்லு, கொடத்த ஏத்தலாம்" என்றாள். இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். ஊர்ப்பக்கத்திலும் ஒருவன் சிரித்தான். கலியமூர்த்தி திரும்பி அவனைப் பார்த்தார்.

போலீஸ் வந்து இரண்டு பக்கத்தையும் விலக்கியது. அவள் இரண்டு குடத்தையும் வீட்டில் வைத்துவிட்டு மறுபடியும் வந்தாள். மூன்று மணி ஆகும்போது வரிசையில்தான் நின்றாள்.

என்னைச் சிதம்பரத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியில் எப்படி அடிபட்டது என்று கேட்டபோது உங்கள் அம்மா முந்திக்கொண்டு ஏணியிலிருந்து விழுந்ததாகச் சொன்னாள். அவளுக்குப் பிறந்த வீடும் வேண்டும், நானும் வேண்டும். நான் மறுத்துச் சொல்லவில்லை.

7. எண்ணிக்கை

வாபஸ் இல்லாததால் ஓட்டுப்பதிவு நடந்தாக வேண்டும். அஞ்சலைக்கு ஓட்டு வேண்டுமென்றால் காலனிக்குள் போய்க் கேட்டாக வேண்டும். தண்ணீர் இல்லாத தெருவில் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? கலியமூர்த்தியே சிதம்பரத்துக்கு ஆள் அனுப்பிப் புது வால்வு வாங்கி வந்தார். பிளம்பரை வைத்து மாட்டினார். மாட்டும்போது நானும் கட்டுப் போட்ட கையோடு பக்கத்தில் நின்றேன். அன்னபோஸ்ட் ஆகியிருந்தால் அந்த வால்வை யார் மாற்றியிருப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுக்கு முந்தின நாள் காலனியில் வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்தார்கள். பெரும்பாலும் வாங்கிக்கொண்டார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஊரிலும் பொட்டலம் பொட்டலமாக ஏதேதோ போனது. போலீஸ் பாதுகாப்போடு வரிசையில் நின்று எல்லோரும் போட்டார்கள்.

மலர்க்கொடி தோற்றுவிட்டாள்.

என்னை வேறு பஞ்சாயத்து டேங்குக்கு மாற்றினார்கள். நான் சைக்கிளில் போய்வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். கிளம்பும் முன்பு மோட்டார் ரூமில் என் சாமான்களை எடுத்துக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள். "இவ்வளவு பாடுபட்டும் இப்படி ஆயிடுச்சேம்மா" என்றேன்.

"இல்லண்ணே. எண்ணும்போது நான் உள்ளதான் நின்னேன். ஒவ்வொரு சீட்டா பிரிச்சு, தூக்கிக் காட்டி எண்ணுனாங்க. ஊருக்குள்ளேருந்தும் எனக்கு விழுந்திருக்கு, அது யாருன்னு காண்ட்ராக்டருக்கே தெரியாது. ஓட்ட எண்ணித்தான என்னத் தோக்கடிக்க முடிஞ்சுது."

கலியமூர்த்தியை நீங்கள் மாமா என்றுதான் கூப்பிடுகிறீர்கள். கூப்பிடுங்கள், அது மாற வேண்டாம். எனக்குத் தண்ணீர் வேலை, எலெக்ஷன் எல்லாம் அடுத்தவன் வேலை என்று நான் இருந்தேன். அப்படி ஒரு வேலை கிடையாது. உங்கள் கையில் ஒரு சின்னச் சாவி இருந்தாலும் போதும், எலெக்ஷன் உங்களைத் தேடி வரும். அன்றைக்கு உங்களால் வேறு எதுவும் செய்ய முடியாமல் போகலாம். கேட்கிறவரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள். என்னால் முடிந்தது அவ்வளவுதான். மிச்சத்தை அவள் செய்தாள்.