ஒரு சொம்பு தண்ணீருக்கு அவ்வளவு நேரமா?

என் வீட்டுக்காரர் ஓடுகிறவர். துறைமுகத்தில் வேலை, வேலைக்கு முன்னால் ஓட்டம். ராயபுரத்தில் எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டை விட்டுக் கிளம்பினால் காசிமேடு, திருவொற்றியூர் எல்லாம் தாண்டி எண்ணூர் வரை போய்த் திரும்புவார். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் ரோடு அது. மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று அடித்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பதற்குள் நமக்கு உயிர் போய்விடும். அந்த மனுஷன் அதில் ஓடினார். பத்தாயிரம் மீட்டர் ஓடி வாங்கிய கோப்பைகள் எங்கள் வீட்டில் பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தன. பெரிய கோப்பையில் நான் துணி கிளிப் போட்டு வைத்திருந்தேன்.

ஊருக்கு உழைக்கிறவர் என்றும் பெயர். ரத்தம் கொடுக்க வேண்டுமா, பாடை தூக்க ஆள் குறைகிறதா, தண்ணி லாரி வரவில்லையா, அவரைத்தான் வந்து கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டுக் குழாய் மட்டும் ஒழுகிக்கொண்டே இருக்கும். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அவர் ஓட்டம் கெட ஆரம்பித்தது. துறைமுக அணியின் கோச் வீட்டுக்கே வந்து என்னிடம் புகார் சொன்னார். "நடுவுல நடுவுல நின்னு நின்னு ஓடறாரும்மா. இப்டி ஓடுனா டைமிங் எங்கேந்து வரும்?" என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அடுத்த போட்டிக்கு அவரை எடுக்கவில்லை. எடுக்காததற்கு அவர் வருத்தப்படவும் இல்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

எங்கே நிற்கிறார் என்பதைக் கீழ் வீட்டுக்காரி சொன்னாள். நான் கைப்பம்பு அடித்துக்கொண்டிருந்தேன். குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் காதருகே வந்தாள்.

"க்கா, சொன்னா கோச்சுக்காத. உன் வூட்டுக்காரரு தண்டையார்பேட்டையாண்ட ஒரு பச்சைக் கதவு வூட்டுல ஒருநாள் வுட்டு ஒருநாள் நின்னுகினு கீறாரு. வயசுப் பொண்ணு ஒண்ணு சொம்புல தண்ணி எத்துகினு வருது. ஒரு சொம்பு தண்ணிக்கு அம்மாம் நேரமா?"

பச்சைக் கதவு என்று எழுதுகிறேன். கதவு பச்சை இல்லை, இடமும் தண்டையார்பேட்டை இல்லை. அந்தப் பெண்ணே இப்போது தாராளமாக எழுதச் சொல்லிவிட்டாள். எனக்குத்தான் மனசு வரவில்லை.

அன்றைக்கே கேட்டேன். "யோவ், இன்னா நடக்குது அந்த வூட்டாண்ட?"

"தாகமா இருந்திச்சிமே."

"ஒருநாள் வுட்டு ஒருநாள்தான் தாகம் எடுக்குமா உனுக்கு?"

குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தார். "நம்புமே" என்றார், அவ்வளவுதான். நம்பு என்றால் நம்பிவிடுகிற ஆள் நான் இல்லை. அவர் முறை வரும் நாளில் அவர் கிளம்பியதும் நானும் கிளம்பினேன். அவர் ஊரைச் சுற்றிக்கொண்டு வருவதற்குள் முதல் பஸ் பிடித்துப் போய், அந்த வீட்டுக்கு எதிரே இருந்த பால் பூத்தில் முக்காடு போட்டு நின்றுகொண்டேன். என்னென்ன சொல்லித் திட்டுவது என்று வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். செருப்பும் கழற்ற வசதியான செருப்புதான்.

வந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு கதவருகே நின்றார். ஒட்டி உலர்ந்த ஒரு பெண் சொம்போடு வந்தாள். நான் ரோட்டைக் கடந்து பாதி தூரம் போய்விட்டேன். அப்போதுதான் பார்த்தேன், அவர் சொம்பை வாங்கவே இல்லை. இடுப்பில் கட்டியிருந்த துணிப்பையை அவிழ்த்து, மாத்திரைகளை அவள் உள்ளங்கையில் வைத்தார். என்னிடம் குளுக்கோஸ் என்று சொல்லியிருந்த பை அது. அந்தப் பெண் ஒவ்வொன்றாக விழுங்கினாள். தண்ணீரைக் குடித்ததும் அவள்தான். கடைசியில் வாயைத் திறந்து காட்டினாள். அவரும் குனிந்து, பல் முளைக்கிற குழந்தை வாயைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு, "செரி, போ" என்றார்.

திரும்பியவர் என்னைப் பார்த்தார். உடனே எண்ணூர்ப் பக்கம் ஓட ஆரம்பித்துவிட்டார். பெண்ணின் அம்மாதான் வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யாராண்டயும் சொல்லிடாத தாயி. பொண்ணுக்கு நிச்சயம் ஆயிகீது."

அப்போதெல்லாம் டி.பி. மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட மாட்டார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், யாராவது ஒருவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். நடுவில் நிறுத்தினால் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பி வரும். நர்ஸ் வீடு தேடி வந்தால் தெருவுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் மருந்தே வேண்டாம் என்று அந்த அம்மா அடம்பிடித்திருக்கிறாள். ஓடுகிறவன் தண்ணீர் கேட்டு நின்றால் யாருக்குச் சந்தேகம் வரும் என்று இவர் ஆஸ்பத்திரியில் சொல்லி அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். டி.பி. சந்தேகம் யாருக்கும் வரவில்லைதான்.

அந்தப் பெண் மட்டும் இல்லை. எண்ணூரில் ஒரு மீன்காரர், சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிற ஒருவர் என்று வழி நெடுக ஆள் வைத்திருந்தார். மருந்துப் பெட்டிகள் எங்கள் தெரு கேரம் மன்றத்து அலமாரியில் இருந்தன. வீட்டில் வைத்தால் நான் கேள்வி கேட்பேனாம்.

அன்று அவர் வந்ததும் கேட்டேன். "என்னாண்ட சொல்றதுக்கு இன்னாய்யா?"

"அது என் நோயாமே, நான் சொல்றதுக்கு?"

கல்யாணத்துக்கு முன் மறைப்பது சரியா என்றும் கேட்டேன். மருந்து முடிந்து டாக்டர் சரி என்று சொல்லாமல் தாலி ஏறக்கூடாது என்று அவர் அந்த அம்மாவிடம் கறாராகச் சொல்லியிருந்தார். ஆடி என்றும் சீர் சாமான் என்றும் ஏதேதோ சாக்குச் சொல்லிக் கல்யாணத்தைத் தள்ளிக்கொண்டிருந்தாள் அவள். மாப்பிள்ளையிடம் சொல்லியிருக்கலாம் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது. ஆனால் சொல்ல வேண்டியவள் நான் இல்லை.

கைப்பம்பில் கீழ் வீட்டுக்காரி காத்திருந்தாள். "பாத்தியாக்கா?"

"பாத்தேன்" என்றேன். அதற்கு மேல் என் வாயில் வார்த்தை வரவில்லை. வாயாடி என்று பேர் எடுத்தவள் நான். என் மௌனத்தைப் பார்த்து அவளே முடிவு கட்டிக்கொண்டாள்.

அன்றிலிருந்து தெருவே என்மேல் பரிதாபப்பட்டது. திட்டினால் திருப்பித் திட்டலாம், பரிதாபத்தை என்ன செய்வது? அம்மா வந்து மூக்கைச் சிந்தினாள். தம்பி, "காலை ஒடச்சிடட்டுமாக்கா?" என்று கேட்டான். "வேணாம்டா, அந்தக் காலுக்கு நெறைய வேலை கீது" என்றேன். கொழுப்பைப் பார் என்பதுபோல் பார்த்தான். ஆறு மாதம் கழித்து மருந்து முடிந்தது, கல்யாணமும் நடந்தது. தெருவின் பேச்சு மட்டும் முடியவில்லை. அவர் எல்லாம் தெரிந்தும் தலை நிமிர்ந்து ஓடினார். நான் அப்படி இல்லை, ராத்திரியில் அழுதிருக்கிறேன்.

சில வருஷம் கழித்து ஒரு மழைக்காலத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இவ்வளவு ஓடியவருக்கு எப்படி நெஞ்சு வலிக்கும் என்று ஆஸ்பத்திரி வாசலில் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐஸ் பெட்டியைச் சுற்றித் தெருப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மாத்தூர், எண்ணூர் என்று எங்கிருந்தெல்லாமோ முன்பின் தெரியாத ஆண்கள் வந்து, "தோஸ்துமா" என்று மட்டும் சொல்லி அழுதுவிட்டுப் போனார்கள். மத்தியானம் அந்தப் பச்சைக் கதவு வீட்டுப் பெண் வந்தாள். நன்றாகச் சதை பிடித்திருந்தாள், இடுப்பில் குழந்தை. தெரிந்தவர் சாவு என்று புருஷனையும் கூட்டி வந்திருந்தாள். ஷாமியானாவுக்கு வெளியிலேயே நின்று, ஏதோ தெரிந்தவருக்கு அழுகிற மாதிரி இல்லாமல், கதறி அழுதாள். பெண்கள் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். "எம்மாம் தைரியம் பாரேன்" என்றாள் கீழ் வீட்டுக்காரி.

நான் எழுந்து போய் அவள் கையைப் பிடித்து அழைத்து வந்து என் பக்கத்தில் உட்கார வைத்தேன். "நீ மனுசியே இல்ல, தெய்வம்க்கா" என்று கீழ் வீட்டுக்காரி என் தோளைத் தடவினாள்.

அந்தப் பெண் என் காதில் சொன்னாள்: "எல்லாத்தியும் சொல்லிடட்டுமாக்கா? அவரைத் தப்பா நெனச்சிகினு கீறாங்க."

"அவரே சொல்லல. பேசாம தண்ணி குடி."

பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். அவள் விழுங்கி முடிக்கிறவரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.